இடிமேகத்தின் தலை ஏன் தட்டையாக இருக்கிறது?

சூடான காற்று மேலே போய்க்கொண்டேதானே இருக்க வேண்டும், இடிமேகத்தின் உச்சி மட்டும் ஏன் கொல்லன் பட்டடை போலத் தட்டையாகப் பரவுகிறது?

சுற்றியிருப்பதைவிட லேசானது மேலே ஏறுவதும் கனமானது கீழே இறங்குவதும்தான் வெப்பச்சலனம். இதில் 'சுற்றியிருப்பதைவிட' என்ற சொல்தான் உயிர். நம் போன்ற வெப்ப நாடுகளில் சுமார் 16, 17 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல் கதை மாறுகிறது. அங்கே ஓசோன் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால், மேலே போகப்போக வெப்பம் கூடுகிறது. அதாவது, லேசான காற்று ஏற்கெனவே மேலே இருக்கிறது. இதைத்தான் நிலையான அடுக்கு என்கிறோம்.

ஏறிவந்த மேகக்காற்று இங்கே சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்தது, கனமானது. வந்த வேகத்தில் சற்று மேலே புடைக்கும். பிறகு சரிந்து பக்கவாட்டில் விரியும்.

எண்ணெய் பிரிந்து மிதக்கும் மீன் குழம்பை மெல்லிய தீயில் பாருங்கள். அடியில் குழம்பு புரண்டு எழும், எண்ணெயை முட்டும், திரும்ப அடங்கும். ஓரத்தில் கொஞ்சம் எண்ணெயையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல செய்முறை விளக்கம் இல்லை.

நிலையான அடுக்கு அசையாத மூடி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, முட்டினால் அது வளையும், அந்த அசைவு அலைகளாக வெகுதூரம் பரவும்.