லோ டிஃப்ளெக்ஷன் ஷாஃப்ட் மாற்றினால் பூல் ஆட்டம் மேம்படுமா?

"மூன்று வருடமாக வாரம் ஒரு நாள் பூல் ஆடுகிறேன். நடுவில் அடித்தால் எல்லாம் விழுகிறது, சைடு போட்டால் மட்டும் பால் தப்புகிறது. லோ டிஃப்ளெக்ஷன் ஷாஃப்ட் மாற்றினால் சரியாகுமா, அவ்வளவு காசு போடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு நான் இரண்டு வருடம் அலைந்தேன். போன வருடம் ஒன்றை வாங்கி எட்டு மாதம் ஆடிப் பார்த்துவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எனக்கு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில் வேலை, வீடு காட்பாடியில். பதினொரு வருடமாக எயிட் பால் (தன் பங்குப் பால்களைப் போட்டு முடித்துக் கடைசியில் கறுப்பைப் போடும் பூல் ஆட்டம்) ஆடுகிறேன். போட்டி ஆட்டக்காரன் இல்லை. ஆனால் வாரம் மூன்று நாளாவது டேபிளில் நிற்காமல் இருக்க முடியாது.

நேரடி பதில் இதுதான்: சைடு போடும்போது, அதாவது ஒயிட்டை (ஸ்டிக்கால் அடிக்கும் வெள்ளைப் பால்) நடுவிலிருந்து பக்கவாட்டில் தள்ளி அடித்துச் சுழலவிடும்போது, நீங்கள் குறியில் செய்ய வேண்டிய திருத்தத்தை இந்த ஷாஃப்ட் (ஸ்டிக்கின் முன்பாதி) குறைக்கும். குறி பார்க்கக் கற்றுத்தராது. ஸ்பின்னையும் கூட்டாது, ஏனென்றால் ஸ்பின் என்பது நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு வேகமாக அடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒயிட்டை நடுவுக்கு வலப்பக்கம் தள்ளி அடித்தால், அது ஸ்டிக் காட்டும் திசையிலேயே போகாது, கொஞ்சம் இடப்பக்கம் விலகும். இடது சைடு போட்டால் வலப்பக்கம். இந்த விலகல்தான் டிஃப்ளெக்ஷன், சிலர் ஸ்க்வர்ட் என்பார்கள். டிகிரிக் கணக்கில் பார்த்தால் சின்னதுதான். ஆனால் ஒரு டிகிரி விலகினாலே 4 அடி தூரத்தில் முக்கால் அங்குலத்துக்கு மேல் தள்ளிப்போய்விடும். பூல் பாலின் குறுக்களவே இரண்டேகால் அங்குலம்தான். முக்கால் அங்குலம் தள்ளிப் பட்ட பால் பாக்கெட் பக்கமே போகாது.

ஏன் விலகுகிறது? டிப்பும் (ஸ்டிக் முனையில் ஒட்டியிருக்கும் தோல்) ஒயிட்டும் தொட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். அதற்குள் பால் சுழலத் தொடங்கி டிப்பைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, டிப் பாலை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. காட்பாடி – பாகாயம் டவுன் பஸ்ஸில் இரண்டு பேர் இடித்துக்கொண்டால் ஒல்லியானவர்தான் தள்ளாடுவார், இல்லையா? அதே கதைதான். ஸ்டிக்கின் முனை கனமாக இருந்தால் பால் விலகும். முனை லேசாக இருந்தால் முனை விலகிக்கொடுக்கும், பால் தன் வழியில் போகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கும் எடைதான் கணக்கு. ஸ்டிக் மொத்தம் 18 அவுன்ஸா 20 அவுன்ஸா என்பதெல்லாம் இதில் வராது. பூல் பார்லரில் பலர் "வளைந்து கொடுக்கிற ஷாஃப்ட்தான் லோ டிஃப்ளெக்ஷன்" என்று சொல்வார்கள். முக்கியம் வளைவு இல்லை, முனை எடை.

பிரிடேட்டர் என்ற அமெரிக்க கம்பெனி 1990களின் நடுவில் 314 என்ற ஷாஃப்ட்டைக் கொண்டுவந்தது இந்த யோசனையில்தான். மேப்பிள் மரத்தைக் கீற்றுகளாக்கி வட்டமாக ஒட்டி, முனையில் உள்ளே குடைந்து, டிப்புக்குக் கீழே இருக்கும் வெள்ளை ஃபெரூலையும் லேசாக்கினார்கள். 2016ல் அதே கம்பெனி ரெவோ என்ற பெயரில் கார்பன் ஃபைபர் ஷாஃப்ட் கொண்டுவந்தது. இன்று பல கம்பெனிகள் இரண்டு வகையும் செய்கின்றன. நான் வாங்கியது 314ன் மூன்றாவது வடிவம், மரம், முனை 12.75 மில்லிமீட்டர். என் பழைய ஷாஃப்ட் சாதாரண மேப்பிள், 13 மில்லி. முனைப் பருமனில் வித்தியாசம் கால் மில்லிதான், கண்ணுக்கே தெரியாது. வேலையெல்லாம் உள்ளே நடக்கிறது.

வாங்கும் முன் ஜாயின்ட்டை (ஸ்டிக்கின் பின்பாதியும் ஷாஃப்ட்டும் சேரும் இடம்) சொந்தமாக அளந்துவிடுங்கள். இதில் எனக்கு எட்டு மாதம் போனது. பழைய ஸ்டிக்கை விற்றவர், அங்கே இருக்கும் பின் (ஷாஃப்ட்டைத் திருகி மாட்டும் ஆணி) 3/8 அங்குலம் என்று சொல்லியிருந்தார். அதை நம்பி, டல்லாஸில் இருக்கும் அக்கா வீட்டுக்காரரிடம் 3/8க்கு 10 திரெட் ஷாஃப்ட் வாங்கிவரச் சொன்னேன். மாமாவும் பாவம், 29 அங்குல ஷாஃப்ட்டைப் பெரிய சூட்கேஸில் குறுக்காக வைத்துக் கொண்டுவந்தார் (விமானத்தில் பூல் ஸ்டிக்கைக் கையில் எடுத்துப்போக விடமாட்டார்கள், செக்-இன்தான்). வீட்டில் பொருத்திப் பார்த்தால் லொடலொடவென்று ஆடுகிறது, பிடிக்கவே இல்லை. மறுநாள் ஃபேக்டரி மெயின்டனன்ஸ் ரூமில் வெர்னியர் வாங்கிப் பின்னை அளந்தேன். ஏறக்குறைய 8 மில்லி, அதாவது 5/16. மாமா அதைத் திரும்ப எடுத்துப்போய் மாற்றி, அடுத்த முறை ஊருக்கு வரும்போதுதான் சரியானது கைக்கு வந்தது. நீங்கள் பின்னின் குறுக்களவைப் பாருங்கள்: 8 மில்லி என்றால் 5/16, 9.5 மில்லி என்றால் 3/8. அப்புறம் பின் மேல் ஒரு ஸ்கேலை வைத்து, ஒரு அங்குலத்தில் எத்தனை திரெட் என்று எண்ணுங்கள். 18, 14, 10 என்று ஏதாவது வரும். இரண்டும் பொருந்தினால்தான் அது உங்கள் ஷாஃப்ட். இவை இரண்டிலும் சேராத தனி வகைப் பின்களும் உண்டு. சந்தேகம் இருந்தால் போட்டோ எடுத்து விற்பவரிடமே கேளுங்கள்.

சரியான ஷாஃப்ட் வந்த வாரமே ஒரு ஞாயிறு காலை, கூட்டம் சேருவதற்கு முன், பார்லரைப் பார்த்துக்கொள்ளும் பாயிடம் ஒரு மணி நேரம் டேபிள் கேட்டேன். டெலிவரி சலான் புத்தகத்தில் வைக்கும் கார்பன் பேப்பர் இரண்டு தாள் கொண்டுபோயிருந்தேன். குஷன் (டேபிள் ஓரத்து ரப்பர் விளிம்பு) மேல் வெள்ளைத் தாளை வைத்து, அதன்மேல் கார்பனை வைத்து, செல்லோ டேப்பால் ஒட்டினேன். ஒயிட் வந்து முட்டும் இடத்தில் தாளில் ஒரு நீலப் புள்ளி விழும். ஒயிட் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இருக்க, வீட்டிலிருந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டு எடுத்துப்போய்த் துணியில் ஒட்டிக்கொண்டேன் (பாயிடம் அனுமதி கேட்டுத்தான், முடிந்ததும் எடுத்துவிட்டேன்). பொட்டிலிருந்து குஷனுக்கு 4 அடி.

முதலில் பழைய ஷாஃப்ட். நடுவில் பத்து அடி, புள்ளிகள் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்குள் விழுந்தன. பிறகு ஸ்டிக்கைத் திருப்பாமல், அப்படியே இணையாக ஒரு சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்த்தி பத்து அடி. புள்ளிகள் இடப்பக்கம் கூட்டமாகத் தள்ளிப்போயின. கூட்டத்தின் நடுவை அளந்தால் ஒன்றரை அங்குலம். புது ஷாஃப்ட்டில் அதே பத்து அடிக்கு ஒரு அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு. எல்லாம் ஒரே வேகத்தில், கொஞ்சம் உறைப்பாகவே அடித்தேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அதோடு விடவில்லை. புது ஷாஃப்ட்டின் ஃபெரூலுக்குக் கொஞ்சம் கீழே சால்டர் கம்பியைச் சுற்றி டேப் போட்டு மறுபடி அடித்தேன். புள்ளிகள் திரும்பவும் இடப்பக்கம் நகர ஆரம்பித்தன. ஷாஃப்ட் அதேதான், மரம் அதேதான், முனையில் சில கிராம் கூடியதுதான் வித்தியாசம். அந்தத் தாள்களை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அப்படியென்றால் மறுநாளே ஆட்டம் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? இறங்கியது. முதல் மூன்று வாரம் மிகவும் கஷ்டப்பட்டேன். காரணம் இதுதான்: பதினொரு வருடமாக என் கை, எனக்கே தெரியாமல், விலகலுக்கு ஈடாகக் குறியை நகர்த்தி வைக்கப் பழகியிருந்தது. வலது சைடு என்றால் தானாகவே கொஞ்சம் வலப்பக்கம் பார்க்கும். புது ஷாஃப்ட்டில் அந்த ஈடு அதிகமாகிவிட்டது, ஒயிட் வலப்பக்கமாகவே போனது. இடப்பக்கம் கட் செய்யும் (சாய்த்து அனுப்பும்) பாலுக்கு வலது சைடு போட்டால் ஒயிட் தின்னாக, அதாவது ஓரத்தில் மட்டும் பட்டு, பால் பாக்கெட் விளிம்பைத் தாண்டிக் குஷனில் விழுந்தது. நடுவில் அடித்தவை மட்டும் ஒன்றும் மாறவில்லை. வெறுத்துப்போய் பழைய ஷாஃப்ட்டைத் திரும்ப மாட்டப் போனேன். பாய்தான் தடுத்தார். "மூணு வாரம் இதுலயே ஆடுங்க ஜீ. பழைய கட்டையை வீட்லயே வெச்சிடுங்க. ரெண்டையும் மாத்தி மாத்தி ஆடினா ரெண்டுமே கைக்கு வராது." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

அந்த நாட்களில் கைகொடுத்த பயிற்சி ஒன்று. ஒயிட்டுக்கு நேர் எதிரே நாலடியில் ஒரு பாலை வைத்து, முழுதாகப் படும்படி நடுவில் குறி பாருங்கள். டேபிளில் ஊன்றிய இடது கையை அசைக்காமல், பின்கையை மட்டும் நகர்த்தி டிப்பைச் சைடுக்குக் கொண்டுபோங்கள். அப்படியே உறைப்பாக அடியுங்கள். இடது கைக்கும் ஒயிட்டுக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தால், ஒரு தூரத்தில் சைடு போட்டும் பால் முழுதாகப் படும். என் பழைய ஷாஃப்ட்டுக்கு அது 10 அங்குலம். புதியதற்கு 14ஐத் தாண்டிவிட்டது. அவ்வளவு நீளம் கையை வைத்து என்னால் நிதானமாக ஆட முடியாது. அதனால் பின்கை முறையைக் குறைத்து, ஸ்டிக்கை ஏறக்குறைய இணையாக நகர்த்திக் கொஞ்சமாகத் திருத்தப் பழகினேன். இந்தப் பரிசோதனையை உங்களிடம் இப்போது இருக்கும் ஸ்டிக்கிலேயே செய்யலாம், காசு செலவில்லை. உங்கள் பால் ஏன் தப்புகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

மெதுவாக அடிக்கும் சைடு தனி விஷயம். குஷன் உயரத்தால் ஸ்டிக்கின் பின்பக்கம் எப்போதும் கொஞ்சம் தூக்கியே இருக்கும். அதனால் சைடு போட்ட ஒயிட் முதலில் விலகி, பிறகு சைடு பக்கமாகவே வளைந்து திரும்பும். வேகமாக அடித்தால் அந்த வளைவு பிடிப்பதற்குள் பாலைத் தொட்டுவிடும். மெதுவாக அடித்தால் முழுதாக வளையும். கார்பன் பேப்பரில் உறைப்பாக அடித்தது இதனால்தான். பழைய ஷாஃப்ட்டில் விலகலும் வளைவும் ஒன்றையொன்று ஓரளவு சமன் செய்தன. புதியதில் விலகல் குறைவு, வளைவு அப்படியே. நம் ஊர் பார்லர்களில் துணி கனமானது, மழை மாதங்களில் ஈரம் ஏறி இன்னும் மந்தமாகிவிடும். ஐப்பசியில் மெதுவாகச் சைடு போடும்போது இதைக் கணக்கில் வைக்காமல் நான் நிறைய பால் விட்டிருக்கிறேன்.

இப்போது எட்டு மாதத்துக்குப் பிறகு? நீள ஷாட்டுகளில் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. போன வாரம் ஒரு ஆட்டத்தில் எனக்கு ஒரு பாலும் கறுப்பும் மட்டும் மீதி. பால் கார்னர் பாக்கெட்டிலிருந்து ஒரு முழம் தள்ளிக் குஷனை ஒட்டி, ஒயிட் டேபிளின் மறுமுனையில். பாலைப் பாக்கெட்டில் போட்டபின் ஒயிட் இரண்டு குஷன் பட்டு மேலே வந்தால்தான் கறுப்பு கிடைக்கும், அதற்குச் சைடு இல்லாமல் வழியில்லை. முன்பெல்லாம் இந்த இடத்தில் சைடைக் கைவிட்டு, பாலை மட்டும் போட்டுவிட்டு, கறுப்புக்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்ப்பேன். இந்த முறை தயங்காமல் அடித்தேன். பால் விழுந்தது, ஒயிட்டும் மேலே வந்து நின்றது. எனக்கு இந்த ஷாஃப்ட் கொடுத்தது அந்தத் தைரியத்தைத்தான்.

மரமா கார்பனா என்றால், வேலூர்க்காரர்கள் கார்பனை இன்னொரு காரணத்துக்காகவும் யோசிக்கலாம். மேப்பிள் ஷாஃப்ட் நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வளையும். சித்திரை வெயிலில் கார் டிக்கியில் ஒரு மதியம் விட்டாலே போதும், நான் ஒன்றை அப்படி இழந்திருக்கிறேன். டேபிளில் உருட்டிப் பார்த்தால் முனை ஏறி இறங்குவது தெரியும். கார்பன் அப்படி வளையாது. ஆனால் விலை அமெரிக்காவிலேயே அதிகம், இங்கே வரவழைத்தால் சுங்க வரி வேறு. பட்ஜெட் இல்லையென்றால் மர ஷாஃப்ட்டை வாங்கி வீட்டுக்குள் நிழலில் வையுங்கள்.

ஷாஃப்ட்டுக்கு முன் டிப்பைப் பாருங்கள். தோல் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பார்லர் ஸ்டிக்குகளில் இருக்கும் டிப் பெரும்பாலும் அமுங்கிச் செத்த தோல். ஓரம் காளான் போலப் பிதுங்கியிருக்கும், மேல்பகுதி கண்ணாடி போல வழுவழுத்திருக்கும், சாக் நிற்காது. அடுக்கடுக்காகப் பன்றித்தோல் ஒட்டிச் செய்யும் டிப்புகள் கிடைக்கின்றன, அவை வடிவம் மாறாமல் நீண்ட நாள் உழைக்கும். டிப் மாற்றுவதால் விலகல் குறையாது, ஆனால் சைடு போடும்போது வழுக்குவது நிற்கும். உங்கள் பால் தப்புவதில் ஒரு பகுதி அதனால்கூட இருக்கலாம். புது ஷாஃப்ட் வாங்கினால் பிரேக்குக்கு (ஆட்டத்தைத் தொடங்கிப் பால்களைச் சிதறடிக்கும் முதல் அடி) அதை எடுக்காதீர்கள், பார்லர் ஸ்டிக்கே போதும்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், மூன்று வருட ஆட்டம், வாரம் ஒரு நாள். நானாக இருந்தால் இப்போது டிப் மட்டும் மாற்றி, மேலே சொன்ன பின்கைப் பயிற்சியை இரண்டு மாதம் செய்வேன். அதற்குப் பிறகும் நீள ஷாட்டில் சைடு போடும்போது தப்பினால் தாராளமாக வாங்கலாம். ஒரு வகையில் உங்களுக்கு என்னைவிட வசதி, கையில் பழகிப்போன திருத்தம் குறைவு என்பதால் மாறுவதும் சுலபம்.

வேலூர்ப் பக்கம் இருப்பவர் என்றால் ஒரு ஞாயிறு காலை காட்பாடிக்கு வாருங்கள். உங்கள் ஸ்டிக்கின் பின் 5/16க்கு 18 என்றால் என் ஷாஃப்ட்டை அதில் மாட்டியே ஒரு மணி நேரம் ஆடிப் பார்க்கலாம். கார்பன் பேப்பர் நான் கொண்டுவருகிறேன்.