முனைவர் பட்டம் முடித்தவர் ஒரே சிவியை எல்லா வேலைக்கும் அனுப்பலாமா?

வேதியியலில் முனைவர் பட்டம் முடித்திருப்பதாகவும், ஒன்பது பக்க சிவி கையில் இருப்பதாகவும், அதையே கல்லூரிப் பணிக்கும் மருந்து நிறுவனத்துக்கும் வெளிநாட்டு போஸ்ட்டாக்குக்கும் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) அனுப்பலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதழ்களின் பரிசீலனையில் இருக்கும் இரண்டு கட்டுரைகளை எங்கே போடுவது என்பது உங்கள் துணைக்கேள்வி. நானும் வேதியியல்தான். அனுப்பிச் சூடுபட்டவன் என்ற தகுதியில் சொல்கிறேன், அனுப்பாதீர்கள்.

பட்டம் வாங்கிய புதிதில் என் சிவி பதினொரு பக்கம். அதை ஒரு மருந்து நிறுவனத்தின் பகுப்பாய்வுப் பிரிவுக்கு அனுப்பினேன். எப்படியோ நேர்முகத்துக்கு அழைப்பும் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தாள்களை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, “எச்பிஎல்சி கையாளத் தெரியுமா?” என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. கலவையில் உள்ள வேதிப்பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி அது. நான்கு வருடம் அதனோடுதான் குடும்பம் நடத்தியிருந்தேன். ஆனால் என் சிவியில் அந்தச் சொல் இருந்த ஒரே இடம், ஏழாம் பக்கத்தில் ஒரு கட்டுரைத் தலைப்பின் நடுப்பகுதி. அவர் கேட்டதில் தவறே இல்லை. ஒளித்து வைத்தவன் நான்.

அன்று இரவே திருத்த உட்கார்ந்தேன். முதல் பக்கத்தில் ஆய்வேட்டுத் தலைப்பு நான்கு வரிக்கு நீண்டு கிடந்தது: ஜவுளிக் கழிவுநீரில் உள்ள அசோ சாயங்களை டைட்டானியம் டைஆக்சைடு கொண்டு ஒளிவினையூக்க முறையில் சிதைத்தல், இன்ன பிற. அதைக் கல்வித்தகுதிக்குக் கீழே ஒரு வரியாகச் சுருக்கினேன். அது இருந்த இடத்தில் இப்படி எழுதினேன்: “எச்பிஎல்சி: நான்கு ஆண்டுகள் அன்றாடப் பயன்பாடு. சாயச் சிதைவுப் பொருள்களைப் பிரித்தறியும் முறையை உருவாக்கி, நேர்கோட்டுத்தன்மை, துல்லியம், கண்டறியும் எல்லை ஆகியவற்றை ஐசிஎச் க்யூ2 வழிகாட்டுதலின்படி சரிபார்த்தது.” பகுப்பாய்வு முறைகளைச் சரிபார்ப்பதற்கான சர்வதேச வழிகாட்டுதல் அது. மருந்துத் துறையில் இருப்பவர்களுக்கு அந்த ‘க்யூ2’ ஒன்றே போதும், நம்மைத் தங்கள் ஆளாகப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அதன்படி நிஜமாகவே செய்திருந்தால் மட்டும் எழுதுங்கள், அடுத்த கேள்வியே அதில்தான் வரும். ஆறு கட்டுரைகளும் ஒரே வரிக்குள் போயின. கருத்தரங்குச் சான்றிதழ்கள் அத்தனையும் போயின. மனசு கேட்கவில்லைதான், ஆனாலும் இரண்டு பக்கத்தில் முடிந்தது.

அதே இரண்டு பக்கத்தைக் கல்லூரிக்கு அனுப்பினால் தொலைந்தீர்கள். அங்கே உங்கள் சிவியை யாரும் ரசித்துப் படிப்பதில்லை, மதிப்பெண் போடுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைகளில் உதவிப் பேராசிரியர் பணிக்கான இரண்டு அட்டவணைகள் இருக்கின்றன, 3ஏ பல்கலைக்கழகத்துக்கு, 3பி கல்லூரிக்கு. இரண்டும் நூற்றுக்குத்தான், ஆனால் பங்கீடு வேறு. முனைவர் பட்டத்துக்குப் பல்கலைக்கழகத்தில் 30, கல்லூரியில் 25. இளநிலைப் பட்டத்துக்குப் பல்கலைக்கழகத்தில் அதிகபட்சம் 15, கல்லூரியில் 21. கட்டுரை ஒன்றுக்கு 2 மதிப்பெண், உச்சவரம்பு பல்கலைக்கழகத்தில் 10, கல்லூரியில் 6. கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது உங்கள் நான்காவது கட்டுரைக்கு இந்த அட்டவணையில் மதிப்பே கிடையாது. நாம் மறந்தே போன பி.எஸ்சி. சதவீதம்தான் அங்கே எடை கூடிய சரக்கு. அதைக் கடைசிப் பக்கத்தில் புதைத்துவிட்டு, இதழ்களின் பெயர்களை முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் போட்டு என்ன பயன்? இந்த மதிப்பெண் நேர்முகத்துக்கு அழைக்க மட்டும்தான். தேர்வு முடிவாவது நேர்முகத்தில். ஆனால் அழைப்பே வராவிட்டால் எதைச் சொல்லி என்ன?

பின்னாளில் ஒரு கல்லூரியில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் குழுவுக்கு உதவியாக உட்கார்ந்தேன். மேசை முழுக்கக் கட்டுகள், பிற்பகல் மூன்று மணி, மின்விசிறிக்குப் பறக்காமல் இருக்கத் தாள்கள் மேல் ஒரு ஸ்டேப்ளர். ஒருவர் “20 கட்டுரைகள்” என்று எழுதியிருந்தார். இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என் இல்லை, இணைப்பு எண் இல்லை, பிரதிகள் எங்கேயோ நடுவில். அவருக்காக அந்தக் கட்டை மூன்று முறை புரட்டினோம். இன்னொருவர் நான்கே கட்டுரைகள் வைத்திருந்தார். ஒவ்வொன்றின் எதிரிலும் ‘இணைப்பு 7, பக்கம் 31’ என்று குறித்திருந்தார். அவருடையது இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பணி அனுபவத்தையும் அப்படித்தான் எழுத வேண்டும். “சுமார் இரண்டு ஆண்டுகள்” என்று எழுதாதீர்கள். சேர்ந்த தேதி, விடுவிப்பு ஆணையின் தேதி இரண்டையும் போடுங்கள், ஆண்டுக்கு இரண்டு மதிப்பெண், குறைந்த மாதங்களுக்கு விகிதப்படி. அரசுக் கலைக் கல்லூரி என்றால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பு தனி, அதன் விதிகளை வரிவரியாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

வெளிநாட்டு போஸ்ட்டாக்குக்கு முதலில் செய்ய வேண்டியது நீக்கல். நம் ஊர் பயோடேட்டாவின் வாலை வெட்டுங்கள்: தந்தை பெயர், திருமண நிலை, கடைசியில் வரும் “மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதி கூறுகிறேன், இடம், தேதி”. பிரிட்டனுக்கு அனுப்பிய என் முதல் விண்ணப்பத்தில் பாஸ்போர்ட் எண்ணைக்கூடக் கொடுத்திருந்தேன், யார் கேட்டார்கள்? புகைப்படம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் அது நெடுநாள் வழக்கம். 2006இல் வந்த சமத்துவச் சட்டத்துக்குப் பிறகு கட்டாயம் இல்லை. பிரிட்டன், அமெரிக்கா என்றால் வேண்டவே வேண்டாம்.

அடுத்தது இதழ்களின் தாக்கக் காரணி, இம்பாக்ட் ஃபாக்டர். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் எண் அது. இங்கே இணைப் பேராசிரியர், பேராசிரியர் பணிக்கான ஆய்வு மதிப்பெண்ணில் அதற்குக் கூடுதல் புள்ளி உண்டு என்பதால், கட்டுரைக்கு எதிரிலேயே எழுதிப் பழகிவிட்டோம். 2012இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் உருவான ‘டோரா’ பிரகடனம் இதற்கு நேர் எதிர். இதழின் எண்ணை வைத்து ஆய்வாளரை அளக்கக் கூடாது என்பதே அதன் சாரம். பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை போன்ற ஆய்வு நிதியாளர்கள் அதில் கையொப்பமிட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்பும் சிவியில் எண்ணை எடுத்துவிட்டு, “இந்தக் கட்டுரையில் நான் செய்தது இது” என்று ஒரு வரி எழுதுங்கள். ஐந்து ஆசிரியர்கள் பெயர் உள்ள கட்டுரையில் உங்கள் கை எது என்று உங்களைத் தேர்வு செய்யும் பேராசிரியருக்கு வேறு எப்படித் தெரியும்?

ஒன்பது பக்கத்தை வீசிவிடாதீர்கள். அதை இன்னும் நீளமாக்குங்கள், பதினைந்து பக்கம் ஆனாலும் சரி. யாருக்கும் அனுப்பாத மூலக்கோப்பாக அது உங்கள் கணினியிலேயே இருக்கட்டும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அதிலிருந்து வெட்டி எடுங்கள். முதல் மூன்று முறை அரைநாள் பிடிக்கும், பிறகு ஒரு மணி நேரம்.

பரிசீலனையில் இருக்கும் இரண்டு கட்டுரைகள் போஸ்ட்டாக் சிவியில் ‘பரிசீலனையில்’ என்ற தனித் தலைப்பின் கீழ் வரலாம். இதழில் வெளியாகும் முன்பே முன்பதிப்பாக (ப்ரீபிரிண்ட்) இணையத்தில் ஏற்றியிருந்தால் அந்த இணைய முகவரியையும் சேர்த்துவிடுங்கள். வெளியானவற்றோடு கலக்காதீர்கள். கல்லூரி விண்ணப்பத்தில் ஏற்புக் கடிதம் கைக்கு வரும்வரை அவற்றைப் போட வேண்டாம். மருந்து நிறுவனத்துக்கு அவை தேவையே இல்லை.