777 குடுத்தும் பர்மிஷன் டினைட் வருதா? ஃபைலை விடுங்க, ஃபோல்டரைப் பாருங்க

கேள்வி: உபுண்டுல என் ஹோம் ஃபோல்டருக்குள்ள ஒரு சைட் வச்சிருக்கேன். பிரவுசர்ல தொறந்தா 403 (அனுமதி இல்லங்கற எரர்), சர்வர் லாக்ல பர்மிஷன் டினைட். ஃபைலுக்கு 777 (யார் வேணா படிக்க, எழுத, ரன் பண்ண அனுமதி) கூட குடுத்துட்டேன், மாறவே இல்ல. ரூட்டா (எல்லா அதிகாரமும் உள்ள அட்மின் யூசரா) பாத்தா நல்லா ஓபன் ஆகுது. என்ன பண்றது?

பதில்: மொதல்ல அந்த 777-ஐ எடுத்துட்டு 644 (ஓனர் எழுதலாம், மத்தவங்க படிக்க மட்டும்) போடுங்க, அதால ஒண்ணும் சரியாகல, யார் வேணா எழுதிக்கோங்கன்னு விட்டதுதான் மிச்சம். ரூட்டா தொறந்து பாக்குறதும் வேஸ்ட், ரூட்டை இந்த பர்மிஷன் எல்லாம் நிறுத்தாது. சர்வர் எந்த யூசரா ஓடுதோ அந்த யூசராத்தான் டெஸ்ட் பண்ணணும், உங்க சிஸ்டத்துல அது பெரும்பாலும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. டெர்மினல்ல சூடோ -யூ (வேற யூசரா ஓட்டுற கமாண்ட்) போட்டு அந்த பேரைக் குடுத்து, பின்னாடியே கேட் (ஃபைல்ல இருக்குறதைக் காட்டுற கமாண்ட்) போட்டு ஃபைலோட முழு பாத் குடுங்க, அதே எரர் உங்களுக்கும் வரும்.

விஷயம் என்னன்னா, ஒரு ஃபைலைத் தொறக்க கெர்னல் (சிஸ்டத்தோட மையப் புரோகிராம்) எல்லாத்துக்கும் மேல இருக்குற ஸ்லாஷ்ங்கற ஃபோல்டர்ல ஆரம்பிச்சு நடுவுல இருக்குற ஒவ்வொரு ஃபோல்டரையும் தாண்டி வரணும், ஒவ்வொண்ணுலயும் அந்த யூசருக்கு எக்ஸ்ங்கற அனுமதி (எக்ஸ் பிட்) இருக்கணும். ஃபைல்ல எக்ஸ்னா ரன் பண்றது, ஃபோல்டர்ல எக்ஸ்னா உள்ள நுழையறது, ரெண்டும் வேற வேற. தெருக்கதவு பூட்டியிருக்கறப்ப உள்ள பீரோவைத் தொறந்து வச்சு என்ன பிரயோஜனம்?

எந்தக் கதவுன்னு கண்டுபிடிக்க ஒரு கமாண்ட் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது: நேம்-ஐ, அதாவது என்-ஏ-எம்-இ-ஐ, கூட -எல் போட்டு ஃபைல் பாத் குடுங்க. பாத்துல இருக்குற ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு வரி வரும், ஓனர், குரூப், பர்மிஷனோட. மேலேர்ந்து படிச்சுட்டே வாங்க, பர்மிஷனோட கடைசி மூணு எடத்துல (அது மத்தவங்களுக்கான அனுமதி) வெறும் கோடா இருக்குற ஃபோல்டர்தான் ஆளு. உங்க கேஸ்ல அது ஹோம் ஃபோல்டராத்தான் இருக்கும், ஏன்னா உபுண்டு 21.04-லேர்ந்து புதுசா உருவாக்குற யூசரோட ஹோம் 750-ஆ (மத்தவங்களுக்கு அனுமதியே இல்ல) வருது, முன்னாடி 755 (மத்தவங்க படிக்கலாம், நுழையலாம்). பழைய டுட்டோரியலைப் பாத்து செய்றவங்க எல்லாம் இங்கதான் மாட்டுறாங்க.

சரி பண்ண, பர்மிஷன் மாத்துற கமாண்டான சிஎச்மாட்ல ஓ+எக்ஸ்னு (மத்தவங்களுக்கு எக்ஸ்) ஹோமுக்கு மட்டும் குடுத்தா 751 ஆயிடும், மத்தவங்க தாண்டிப் போகலாம் ஆனா லிஸ்ட் எடுத்து பாக்க முடியாது. என்னைக் கேட்டா சைட்டை ஹோம்லேர்ந்து எடுத்து ஸ்லாஷ் எஸ்ஆர்வி-ங்கற ஃபோல்டருக்குள்ள வைங்க, தொல்லை விட்டுது.

இன்னொண்ணு, கோவத்துல சிஎச்மாட்ல -ஆர் (உள்ள இருக்குற எல்லாத்துக்கும்) சேத்து ஹோம் முழுக்க 777 அடிச்சுடாதீங்க. நான் ஒரு தடவை ரிமோட் சர்வர்ல அடிச்சேன், அடுத்த நாள் எஸ்எஸ்எச் (தூரத்துலேர்ந்து சர்வருக்குள்ள போற வழி) கீ வச்சு உள்ளயே போக முடியல, ஹோம்ல மத்தவங்க எழுத முடிஞ்சா எஸ்எஸ்எச் சர்வர் அந்த கீயை நம்பாது.

ஹோமுக்கு எக்ஸ் குடுத்த பிறகு அதே சூடோ -யூ டெஸ்டை மறுபடி ஓட்டுங்க. கேட் ஃபைலைக் காட்டியும் பிரவுசர்ல 403 வந்தா அது பர்மிஷன் பிரச்சனையே இல்ல, சர்வர் கான்ஃபிக்ல அந்த ஃபோல்டருக்கு அனுமதி குடுத்திருக்கீங்களான்னு பாருங்க.