குறுந்தகட்டில் இருந்த வானம்: வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பல, கணினியில் விமானம் ஓட்டும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் விளையாட்டு வரிசையின் எதிர்காலம் குறித்த ஒரே கவலையை வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. எனவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஓராண்டு பணம் சேர்த்து, கணினியின் கிராஃபிக்ஸ் கார்டை மாற்றி, ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 வாங்கினேன். மைக்ரோசாஃப்ட் ஆட்குறைப்பு செய்வதாகவும், தயாரிப்பில் இருந்த விளையாட்டுகளைப் பாதியில் நிறுத்துவதாகவும் செய்திகள் வருகின்றன. இந்த வரிசையும் கைவிடப்படுமா?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: உடனடியாகக் கைவிடப்படும் என்று நினைப்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனால் ஒருபோதும் கைவிடப்படாது என்று உங்களுக்கு உறுதி கூறவும் மனம் வரவில்லை. ஏனென்றால், இதே வரிசையை இதே நிறுவனம் ஏற்கெனவே இரண்டு முறை கைவிட்டிருக்கிறது.

2025 ஜூலையில் அந்நிறுவனம் ஏறத்தாழ 9,000 பேரை வேலையிலிருந்து நீக்கியபோது, 'பெர்ஃபெக்ட் டார்க்', 'எவர்வைல்டு' ஆகிய இரண்டு விளையாட்டுகள் பல ஆண்டு உழைப்புக்குப் பிறகு வெளிவராமலே நின்றுபோயின. ஃப்ளைட் சிமுலேட்டர் அந்த வெட்டுக்குத் தப்பியது. அதை உருவாக்கும் அசோபோ, பிரான்சின் போர்டோ நகரில் இயங்கும் தனி நிறுவனம். மைக்ரோசாஃப்டின் சொந்த ஸ்டுடியோ அன்று. இதனால் ஆட்குறைப்புக் கத்தி நேரடியாக அதன்மேல் விழுவதில்லை என்பது ஓர் ஆறுதல். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டாலே எல்லாம் முடிந்துவிடும் என்பது அதே செய்தியின் மறுபக்கம்.

2020 பதிப்பை விளையாடியவர்களின் எண்ணிக்கை 2022க்குள் ஒரு கோடியைத் தாண்டியது. 2025 டிசம்பரில் 2024 பதிப்பு, போட்டியாளரான சோனியின் பிளேஸ்டேஷன் 5 கருவிக்கும் வந்து சேர்ந்தது. மூட நினைக்கும் கடைக்கு யாரும் புதிய வாசல் வைப்பதில்லை என்பதால், இதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன். என்னைக் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. அது அடுத்த கேள்வியோடு சேர்ந்து வருகிறது.

கேள்வி: 2006இல் வெளியான ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் விளையாட்டை என் பழைய கணினியில் இன்றும் தினமும் ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன். அதை உருவாக்கிய குழு அப்போதே கலைக்கப்பட்டுவிட்டது என்று என் மகன் சொல்கிறான். அப்படியானால் இது எப்படி இத்தனை ஆண்டுகள் நிலைத்தது?
– ஓய்வுபெற்ற பொறியாளர், திருச்சி

பதில்: தங்கள் மகன் சொல்வது சரிதான், ஐயா. இந்த வரிசை விண்டோஸைவிட மூத்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக், தம்முடைய சப்லாஜிக் நிறுவனத்தின் வழியாக ஆப்பிள் 2 கணினிக்கு உருவாக்கிய கோட்டோவியப் பறப்பு விளையாட்டிலிருந்து அது கிளைத்தது. அவரிடம் உரிமம் பெற்று, ஐ.பி.எம். கணினிக்கான முதல் பதிப்பை மைக்ரோசாஃப்ட் 1982 நவம்பரில் வெளியிட்டது. சந்தைக்கு வரும் புதிய கணினி ஐ.பி.எம். கணினியோடு உண்மையிலேயே ஒத்துப்போகிறதா என்று அறிய, அதில் ஃப்ளைட் சிமுலேட்டரை ஓட்டிப் பார்ப்பது ஒரு காலத்தில் வழக்கமாகவே இருந்தது. இவ்வளவு பாரம்பரியம் இருந்தும், 2009 ஜனவரியில் நிறுவனம் 5,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, இந்த வரிசையைப் பல ஆண்டுகளாகக் கட்டிக்காத்த ஏசஸ் ஸ்டுடியோ மூடப்பட்டது.

தங்கள் கணினியில் இருக்கும் பதிப்பு அப்போது நல்ல உடல்நிலையிலும் இல்லை. கணினிச் சில்லின் ஒற்றை மையம் (கோர்) ஆண்டுதோறும் வேகம் கூடிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையில் அது எழுதப்பட்டது. சில்லுத் தயாரிப்பாளர்களோ வேகத்தைக் கூட்டுவதை விட்டு மையங்களின் எண்ணிக்கையைக் கூட்டத் தொடங்கினார்கள். 32 பிட் மென்பொருள் என்பதால் 4 ஜிபிக்கு மேல் நினைவகத்தை அதனால் பயன்படுத்தவும் இயலாது. நீண்ட பயணத்தின் முடிவில், ஓடுபாதை கண்ணுக்குத் தெரியும் நேரத்தில், நினைவகம் தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்போடு விமானம் மறைந்துபோவதைத் தாங்களும் அனுபவித்திருப்பீர்கள்.

இத்தனை குறைகளோடும் பெற்றோர் இல்லாமலும் அது பிழைத்ததற்குக் காரணம், அது முழுமையாக நம் கைக்கு வந்திருந்தது என்பதுதான். உலகத்தின் ஏறத்தாழ 24,000 விமான நிலையங்களும் வட்டில் இருந்தன. வட்டு நம் மேசை இழுப்பறையில் இருந்தது. அதைவிட முக்கியம், உள்ளே இருந்த கோப்புகளைத் திறந்து பார்க்க முடிந்தது. ஒரு விமானத்தின் கோப்புறைக்குள் 'ஏர்கிராஃப்ட்' என்ற பெயரில் ஓர் அமைப்புக் கோப்பு இருக்கும். அதை நோட்பேடில் திறந்து, ஒரு பத்தியை நகலெடுத்துக் கீழே ஒட்டி, வரிசை எண்ணையும் பெயரையும் மாற்றி, பக்கத்திலேயே புதிய வண்ணப் படங்களுக்கு ஒரு கோப்புறையை வைத்துவிட்டால், அடுத்த முறை விளையாட்டைத் திறக்கும்போது அதே போயிங் 737 வேறொரு வால் வண்ணத்தோடு நிற்கும். நிரல் எழுதத் தெரியாத நான், முதன்முதலாக ஒரு மென்பொருளின் உள்ளே கைவைத்தது அப்படித்தான். அந்த வால் தவறான நீல நிறத்தில் வந்தது. அதைச் சரிசெய்யவே இரண்டு இரவுகள் ஆயின.

அந்தக் கதவு திறந்திருந்ததால் ஆயிரக்கணக்கானோர் உள்ளே வந்தார்கள். விமானங்களை வடித்தவர்கள், தங்கள் ஊர் விமான நிலையத்தை அங்குலம் அங்குலமாகக் கட்டியவர்கள், உண்மையான வானிலையைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் என்று ஒரு பெரும் சமூகமே தாய் நிறுவனம் விட்ட வேலையைத் தொடர்ந்தது. ஏசஸ் மூடப்பட்ட அதே 2009இல், மே மாதம், இத்தகைய கோப்புகளின் மிகப் பெரிய சேமிப்பிடமாக இருந்த ஏவ்சிம் தளத்தின் சர்வர்களை, நகல் வைத்திருந்த சர்வர் உட்பட, ஒரு தாக்குதல் அழித்தது. அதிலிருந்தும் அந்தச் சமூகம் எழுந்து நின்றது. இதே அடித்தளத்தின் உரிமத்தைப் பெற்ற அமெரிக்க விமானத் தயாரிப்பு நிறுவனமான லாக்ஹீட் மார்ட்டின், பயிற்சிப் பயன்பாட்டுக்காக 'பிரிபேர்டு' (Prepar3D) மென்பொருளை உருவாக்கியது. 2014 டிசம்பரில் டவ்டெயில் நிறுவனம் தாங்கள் ஓட்டும் எக்ஸ் பதிப்பை ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இரண்டாவது கைவிடலையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 2012 பிப்ரவரியில் 'மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட்' என்ற பெயரில் ஓர் இலவச விளையாட்டு வந்தது. உலகத்துக்குப் பதிலாக அதில் ஹவாய் தீவுகள் இருந்தன. வெளியார் எதையும் செய்து சேர்க்க முடியாதபடி கதவு சாத்தப்பட்டிருந்தது. அதே ஆண்டு ஜூலையில் அதன் உருவாக்கம் நிறுத்தப்பட்டது. திறந்த கதவோடு அநாதையான விளையாட்டு, 2020 பதிப்பு வரும்வரை பதினொரு ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. பெற்றவரின் மடியிலேயே இருந்த பூட்டிய விளையாட்டு ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. இந்த வரிசையின் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என் மனம் இந்த இரண்டையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது.

கேள்வி: பழைய பதிப்புகளில் ஏரிக்கரையோரம் உள்ள ஒரு சிறிய விமான நிலையத்திலிருந்துதான் பறக்கத் தொடங்குவோம். அது உண்மையில் இருக்கும் இடமா?
– ஆசிரியை, யாழ்ப்பாணம்

பதில்: இருந்த இடம், அம்மா. சிகாகோ நகரில், மிச்சிகன் ஏரிக்குள் நீளும் நிலத்துண்டில் அமைந்திருந்த மெக்ஸ் ஃபீல்டு அது. நான் ஃப்ளைட் சிமுலேட்டர் 98 பதிப்பை ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் முதன்முதலாகத் திறந்தபோது, ஒற்றை எஞ்சின் செஸ்னா ஒன்று அங்கேதான் 36ஆம் ஓடுபாதையில் வடக்கு நோக்கி நின்றுகொண்டிருந்தது. எஃப்4 விசையை அழுத்தினால் எஞ்சின் முழுவேகம் எடுக்கும். இடப்புறம் சாம்பல் நிறப் பெட்டிகளாகச் சிகாகோவின் கட்டடங்கள், வலப்புறம் அசைவற்ற நீல ஏரி. அந்த ஓடுபாதையின் முடிவு வருவதற்குள் மூக்கைத் தூக்கிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் எனக்கு உள்ளங்கை வியர்த்தது இன்றும் நினைவிருக்கிறது.

2003 மார்ச் 30ஆம் தேதி நள்ளிரவில், நகர மேயர் ரிச்சர்டு டேலியின் ஆணையின் பேரில், முன்னறிவிப்பு எதுவுமின்றி வந்த இயந்திரங்கள் அந்த ஓடுபாதையில் பெரிய பெருக்கல் குறிகளைத் தோண்டிவிட்டுப் போயின. அங்கே நிறுத்தியிருந்த விமானங்கள் வெளியேற வழியின்றிச் சிக்கிக்கொண்டன. இன்று அந்த இடம் ஒரு பூங்கா. ஆனால் சிகாகோவில் அழிந்த ஓடுபாதை, என் ஃப்ளைட் சிமுலேட்டர் 98 குறுந்தகட்டில் அப்படியே இருந்தது. 2022இல் இந்த வரிசையின் நாற்பதாம் ஆண்டு நிறைவுக்காக வெளியிட்ட பதிப்பில், மைக்ரோசாஃப்டே மெக்ஸ் ஃபீல்டை மீட்டுக் கொண்டுவந்து வைத்தது. அதில் இறங்கிய அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆனால் புதிய மெக்ஸைச் சுற்றி விரியும் நகரமும் ஏரியும் இன்று என் வீட்டில் இல்லை. அவை தொலைவில் ஏதோ ஒரு சர்வரில் இருக்கின்றன.

கேள்வி: சர்வர்களை நிறுத்திவிட்டால், நாங்கள் காசு கொடுத்து வாங்கியது என்ன ஆகும்?
– மென்பொருள் ஊழியர், சென்னை

பதில்: என் கவலை இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 2020 பதிப்பின் உலகம், மைக்ரோசாஃப்டின் இணைய வரைபடச் சேவையான பிங் வரைபடங்களின் செயற்கைக்கோள் படங்களையும் வான்வழிப் படங்களையும் கொண்டு கட்டப்பட்டது. அந்தத் தரவின் அளவு இரண்டு பெட்டாபைட்டுக்கும் மேல், அதாவது இருபது லட்சம் ஜிபி. ஐரோப்பாவில் அந்தப் பதிப்பைப் பத்து டிவிடிகள் கொண்ட பெட்டியாகவும் விற்றார்கள். பத்து வட்டுகளையும் ஏற்றி முடித்த பிறகும், நிலப்பரப்பு அசலாகத் தெரிய இணையம் வேண்டியிருந்தது. இணைப்பு இல்லாவிட்டால் கணினி தானாக நிரப்பிக்கொள்ளும் பொதுவான வயல்களுக்கும் வீடுகளுக்கும் மேலாகப் பறக்கலாம். 2024 பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. நம் கணினியில் இறங்கும் பகுதியைச் சுருக்கி, விமானங்களின் வடிவங்கள் உட்படப் பெரும்பகுதியைத் தேவைப்படும் கணத்தில் சர்வரிலிருந்து அனுப்புகிறது. 2024 நவம்பர் 19 அன்று அது வெளியானபோது, இரண்டு லட்சம் பேர் வருவதாகப் பாவித்துச் சோதித்திருந்த சர்வர்கள் உண்மையான கூட்டத்தைத் தாங்காமல் திணறின. பணம் கொடுத்து வாங்கியவர்களில் பலர் 97 சதவீதத்தில் நின்றுபோன பட்டையைப் பார்த்துக்கொண்டு அந்த நாளைக் கழித்தார்கள். நிறுவனம் வருத்தம் தெரிவித்தது, சில நாட்களில் நிலைமையும் சீரானது. ஆயினும் சர்வர் பதில் தராத ஒரு நாள் எப்படி இருக்கும் என்பதை முதல் நாளிலேயே எல்லோரும் பார்த்துவிட்டோம்.

இந்த வடிவமைப்பை நான் குறை சொல்லவில்லை. இருபது லட்சம் ஜிபியை யாருடைய வீட்டு வன்தட்டிலும் வைக்க முடியாது. உலகம் முழுவதையும் உண்மையான முகத்தோடு காட்ட வேறு வழியும் இல்லை. ஆனால் அந்த முகத்துக்கு நாள்தோறும் செலவாகிறது என்பதையும், அந்தச் செலவு ஒரு நாள் வரவை மிஞ்சலாம் என்பதையும் மறுக்க முடியாது. அப்படிப்பட்ட நாளில் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது. யுபிசாஃப்டின் கார்ப் பந்தய விளையாட்டான 'தி குரூ', 2024 மார்ச் 31 அன்று சர்வர்கள் நிறுத்தப்பட்டதும், வட்டில் வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் பயனற்றதாகிவிட்டது. அதைத் தொடர்ந்து எழுந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் கோரிக்கையில், ஐரோப்பிய ஒன்றியத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். சர்வரை என்றென்றும் நடத்துங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. விற்பனையை முடித்துக்கொள்ளும்போது, வாங்கியவர் தொடர்ந்து பயன்படுத்தக்கூடிய நிலையில் விளையாட்டை விட்டுச் செல்லுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். ஃப்ளைட் சிமுலேட்டருக்கு அதன் பொருள், பொதுவான நிலப்பரப்போடும் நாம் சேர்த்துவைத்த விமானங்களோடும் இணையமின்றிப் பறக்க உதவும் ஒரு கடைசிப் புதுப்பிப்பு. அதை இப்போதே, வரிசை நல்ல நிலையில் இருக்கும்போதே, எழுத்தில் உறுதியளிக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

கேள்வி: மாற்று ஏதேனும் உண்டா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: உண்டு. ஆஸ்டின் மேயரின் லாமினார் நிறுவனம் 1990களிலிருந்து வளர்த்துவரும் எக்ஸ்-பிளேனின் 12ஆம் பதிப்பு, உலகத்தை நம் வன்தட்டிலேயே வைத்துக்கொள்கிறது. காட்சி அழகில் சற்றுப் பின்தங்கினாலும், இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றின் மீதும் காற்றின் விசையைக் கணக்கிடும் அதன் முறையை ரசிப்பவர்கள் பலர். ஃப்ளைட்கியர் முற்றிலும் இலவசமானது; அதன் மூல நிரலே பொதுவில் இருப்பதால், யாரும் அதை மூடிவிட முடியாது.

கேள்வி: பதினாறு வயது மகன் 2024 பதிப்புக்காகப் பணம் கேட்கிறான். இந்த நிலையில் வாங்கித் தரலாமா?
– குடும்பத்தலைவி, சேலம்

பதில்: வாங்கிக் கொடுங்கள், அம்மா. மேகத்துக்குள் நுழைந்து, கருவிகளை மட்டும் நம்பி இறங்கி, ஓடுபாதை விளக்குகள் திடீரெனக் கண்முன் விரிவதை ஒரு முறை பார்த்தால் உங்களுக்கும் பிடித்துப்போகும். விளையாட்டோடு நிற்காமல், உள்ளே இருக்கும் கடையில் தனித்தனியாக விற்கும் விமானங்களுக்கும் அவன் பணம் கேட்பான். அதற்கு மட்டும் ஓர் அளவு வையுங்கள்; அந்த விமானங்களின் ஆயுள் சர்வரின் ஆயுளோடு கட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஜாய்ஸ்டிக் வாங்கிக் கொடுத்தால், எந்த விளையாட்டு மூடினாலும் அது அடுத்ததில் வேலை செய்யும். இடம் மிச்சமிருந்தால் ஃப்ளைட்கியரையும் அதே கணினியில் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.