ஒரு வயது முடிந்துவிட்டது, கார் சீட்டை முன்பக்கம் திருப்பலாமா?

கேள்வி: அக்கா, எங்கள் வீடு அருவங்காட்டில், அம்மா வீடு கோவையில். மாதம் இரண்டு முறையாவது மகளைத் தூக்கிக்கொண்டு காரில் மலை இறங்குகிறோம். அவளுக்கு 13 மாதம், எடை 9.4 கிலோ. இதுவரை கார் சீட்டில் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வைத்திருக்கிறோம். இப்போது கால் நீட்ட இடமில்லாமல் சாய்மானத்தில் முட்டுகிறது. பர்லியார் வருவதற்குள் அழ ஆரம்பித்துவிடுகிறாள், போன முறை வாந்தியும் எடுத்துவிட்டாள். "பாவம் புள்ள, ஒண்ணும் பார்க்க முடியாம உட்கார்ந்திருக்கு, திருப்பி வை" என்கிறார் மாமியார். சீட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் 9 முதல் 18 கிலோ வரை முன்பக்கம் பார்க்கலாம் என்று படம் போட்டிருக்கிறது. திருப்பிவிடலாமா?
வாசகி, அருவங்காடு

பதில்: வேண்டாம் தங்கச்சி, இப்போது திருப்பாதீர்கள். உங்கள் சீட்டில் அவள் பின்பக்கம் பார்த்து உட்கார முடிகிற கடைசி நாள் வரை அப்படியே இருக்கட்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டு மட்டும் சொல்லவில்லை. என் மகனுக்கு ஒரு வயது முடிந்த வாரமே, கார் சீட் வாங்கின கடையில் சொன்னார்கள் என்பதற்காக, நானும் திருப்பினேன். இரண்டு மாதம் கழித்து, கல்லாறு பக்கம் சாலையோரத்தில் யானை நிற்பதைப் பார்த்து முன்னால் போன வேன் சட்டென்று நின்றது, நாங்களும் பிரேக்கை அழுத்தி மிதித்தோம். எதன்மீதும் மோதவில்லை. ஆனால் பிள்ளையின் தலை அப்படியே முன்னால் போய், தாடை நெஞ்சில் இடித்துத் திரும்பியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெறும் பிரேக்குக்கே இப்படி என்றால் மோதினால் என்ன ஆகும் என்று அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாகச் சீட்டை மறுபடி பின்பக்கம் திருப்பினேன்.

காரணம் பிள்ளையின் கழுத்து. பிறக்கும்போது குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலைதான், நமக்கோ ஏழில் எட்டில் ஒரு பங்கு. அவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் ஒரு வயதில் முழு எலும்பாகக்கூட ஆகியிருக்காது, துண்டு துண்டாகக் குருத்தெலும்பால் ஒட்டியிருக்கும். அவை சேர்ந்து இறுக இன்னும் சில வருடங்கள் ஆகும். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்த குழந்தையை, வண்டி மோதும்போது, பெல்ட் தோளிலும் இடுப்பிலும் பிடித்து நிறுத்திவிடும், தலையைப் பிடிக்க ஒன்றும் இல்லாததால் அந்த இழுப்பு முழுவதும் கழுத்துக்குப் போகும். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்தாற்போல் சீட்டின் ஓட்டில் அழுந்தும், உள்ளங்கையில் ஏந்துவது போல அந்த ஓடு மொத்த அடியையும் வாங்கிக்கொள்ளும். 1964-ல் ஸ்வீடனில் பெர்ட்டில் ஆல்ட்மன் என்பவர் இந்த மாதிரி சீட்டை முதன்முதலில் செய்து பார்த்ததே, விண்வெளிக்குப் போகிறவர்கள் முதுகைச் சாய்த்துப் படுத்தபடி ராக்கெட் கிளம்பும் வேகத்தைத் தாங்குவதைப் பார்த்துத்தான். அந்த நாட்டில் இன்றைக்கும் நான்கு வயது வரை பின்பக்கம்தான் உட்கார வைக்கச் சொல்கிறார்கள்.

"மலையில மெதுவாத்தானே போறோம்" என்று வீட்டில் சொல்வார்கள். சரி, 40 கிலோமீட்டர் வேகம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் தடுப்புச் சுவரில் முட்டி, உடம்பு ஓர் அடி தூரத்துக்குள் நின்றுவிடுவதாகக் கணக்குப் போட்டால், உங்கள் 9.4 கிலோ மகள் அந்த நொடியில் கிட்டத்தட்ட 190 கிலோ மூட்டை போல முன்னால் இழுப்பாள். மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்கிற எந்தத் தாயாலும் அதைப் பிடிக்க முடியாது, பாசம் குறைவு என்பதால் இல்லை, கைக்கு அவ்வளவு பலம் கிடையாது. அதோடு உங்கள் பயணம் மலையோடு முடிவதில்லையே. மேட்டுப்பாளையம் தாண்டி காரமடை, பெரியநாயக்கன்பாளையம் வழியாகப் போகும்போது எந்த வண்டியும் 40-ல் போவதில்லை.

இப்போது அந்த ஸ்டிக்கர். 9 கிலோ என்பது அதற்குக் கீழே முன்பக்கம் திருப்பவே கூடாது என்கிற எல்லை, 9 கிலோ ஆனதும் திருப்பு என்கிற உத்தரவு இல்லை. பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். அதே ஸ்டிக்கரில் பின்பக்கம் பார்க்கும் படமும் ஒன்று இருக்கும், அதன் பக்கத்தில் 13 கிலோ என்றோ 18 கிலோ என்றோ போட்டிருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அந்த எண்ணை. பெண் பிள்ளைகள் பெரும்பாலும் 13 கிலோ தொட இரண்டரை வயது தாண்டிவிடும், ஆக உங்களுக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் நேரம் இருக்கிறது. எடைக்கு முன்னாலேயே உயரம் முடிந்துவிடலாம், அதையும் கவனியுங்கள்: உச்சந்தலைக்கும் சீட்டின் மேல் விளிம்புக்கும் நடுவில் ஓர் அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். அது குறைந்துவிட்டது, ஆனால் வயது இன்னும் ஒன்றரைதான் என்றால், முடிந்தவரை பின்பக்கம் பார்த்து 18 கிலோ வரை தாங்கும் பெரிய சீட்டுக்கு மாறுங்கள்.

வயதுக் கணக்கு கேட்கிறவர்களுக்கு: ஐரோப்பாவின் புதிய விதியான ஆர்129 படி 15 மாதத்துக்கு முன்னால் திருப்பவே கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2011-ல் இரண்டு வயது என்று சொல்லி வந்தது, 2018-ல் அந்த வயதையும் எடுத்துவிட்டு, சீட் தாங்குகிற எடையும் உயரமும் முடிகிற வரை என்று மாற்றிவிட்டது. எப்படிப் பார்த்தாலும் உங்கள் மகளுக்கு 13 மாதம்தான் ஆகிறது.

கால் முட்டுவதற்கு வருத்தப்படாதீர்கள். நமக்குத்தான் கால் நீட்டினால் சுகம், பிள்ளைகள் மடக்கி, சம்மணம் போட்டு, சில நேரம் சாய்மானத்தில் காலைத் தூக்கி வைத்துக்கூட நிம்மதியாக உட்காரும். காலில் அடி படுவதும் முன்பக்கம் பார்த்து உட்காரும் பிள்ளைகளுக்குத்தான் அதிகம்.

வாந்திக்கு வருவோம். இரண்டு வயதுக்குள் பயண வாந்தி அவ்வளவாக வராது, அதனால் திசையைக் குறை சொல்வதற்கு முன்னால் வேறு சிலதைப் பாருங்கள். கிளம்புகிற நேரத்தில் வயிறு முட்டப் பால் கொடுத்தீர்களா, குளிருக்காகப் போட்ட உடுப்போடு கீழே இறங்க இறங்கப் புழுங்கினாளா, கண்ணாடி எல்லாம் மூடியிருந்ததா? ஒரு மணி நேரம் முன்னாலேயே கொஞ்சமாகக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் உங்கள் கணவரை இன்னும் நிதானமாகத் திருப்பச் சொல்லுங்கள். பர்லியாரில் நிறுத்தி, அவளை வெளியே எடுத்துக் காற்றாட வைத்திருந்து, அழுகை அடங்கியதும் புறப்படுங்கள். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பெல்ட்டைக் கழற்றி மடியில் எடுக்க மட்டும் கூடாது, ஓரம் கட்ட இடம் கிடைக்கும்வரை அழுதாலும் பரவாயில்லை. வாந்தி மாத்திரை, சிரப் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். புரோமெத்தசின் கலந்த மருந்தை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது, மூச்சு மட்டுப்பட்டுப் போகும் ஆபத்து இருக்கிறது.

இன்னொன்று, இது மலையில் இருக்கிறவர்களுக்கே உரிய பிரச்சினை. சீட்டின் சாய்வு சரியா என்று பார்க்க அதன் பக்கவாட்டில் ஒரு கோடு இருக்கும், அது தரைக்கு இணையாக வர வேண்டும். நம் தெருக்கள் எல்லாமே ஏற்றம் இறக்கம், வீட்டு வாசலில் நிறுத்திப் பார்த்தால் அந்தக் கோடு பொய் சொல்லும். பெட்ரோல் பங்க் மாதிரி சமதளமான இடத்தில் நிறுத்தி ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். சீட் பின் இருக்கையில்தான் இருக்க வேண்டும், ஏர்பேக் உள்ள முன் இருக்கையில் பின்பக்கம் பார்க்கும் சீட்டை வைத்தால் அந்த ஏர்பேக்கே பிள்ளையின் தலையில் அறையும்.

உங்கள் மாமியாருக்கு என் வணக்கம். அவர் சொல்வது பாசத்தில்தான். அடுத்த முறை இறங்கும்போது அவரையே பின் சீட்டில் பாப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். பாப்பாவுக்குப் பாட்டி முகம் தெரியும், பின் கண்ணாடியில் மலை மேலே மேலே போவதும் தெரியும்.

கேள்வி: சென்னையில் இருந்து ரயிலில் கொடை ரோடு வந்து, அங்கிருந்து டாக்ஸியில் கொடைக்கானல் வருகிறாள் என் மகள், ஏழு மாதப் பேரனோடு. கார் சீட்டைச் சுமந்து வரச் சொல்வதா, மடியிலேயே வைத்து வந்துவிடலாமா? இங்கே ஒருவர் தன் பழைய சீட்டைத் தருகிறேன் என்கிறார்.
வாசகர், கொடைக்கானல்

பதில்: ஐயா, சுமந்து வரச் சொல்லுங்கள். ஏழு மாதப் பிள்ளைக்குக் கைப்பிடியோடு தூக்கி வருகிற சீட்டே போதும், ரயிலிலும் அதிலேயே தூங்க விடாமல், டாக்ஸிக்கு மட்டும் பயன்படுத்தட்டும். ஆனால் சீட் இருந்தால் மட்டும் போதாது. நம் ஊர் டாக்ஸிகளில் பின் சீட்டு பெல்ட்டின் பக்கிள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். வண்டி சொல்லும்போதே, பின்னால் தோளுக்கும் இடுப்புக்கும் சேர்ந்து வருகிற பெல்ட் இருக்கிறதா, பக்கிளை வெளியே எடுத்து வைக்க முடியுமா என்று டிரைவரிடம் கேட்டுவிடுங்கள். பக்கவாட்டில் பெஞ்ச் போட்ட ஜீப் வேண்டவே வேண்டாம், அதில் எந்தக் குழந்தை சீட்டையும் மாட்ட முடியாது.

பழைய சீட் என்றால் இரண்டு விஷயம் கேளுங்கள். அது விபத்தில் சிக்கிய வண்டியில் இருந்ததா, அடிப்பக்கத்தில் அச்சடித்த தயாரிப்புத் தேதி என்ன. மோதிய சீட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக்கும் நொறுங்கும். இரண்டில் ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் வாங்காதீர்கள். சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன்: 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தைகளுக்கான சீட்டோ இல்லாமல் ஏற்றிப் போனால் 1,000 ரூபாய் அபராதம்.

கேள்வி: ஊட்டியில் இந்தக் குளிருக்கு ஜெர்கின் போடாமல் பையனைக் காரில் வைக்க முடியவில்லை. அதோடு பெல்ட் மாட்டினால் தப்பா?
வாசகி, ஊட்டி

பதில்: தப்புதான் அம்மா. வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். ஜெர்கினோடு உட்கார வைத்து பெல்ட்டை இறுக்குங்கள், பிறகு பெல்ட்டின் நீளத்தை மாற்றாமல் கழற்றி, ஜெர்கினை எடுத்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். நடுவில் உங்கள் கையே நுழைகிற அளவு தொளதொளவென்று இருக்கும். மோதும்போது ஜெர்கினில் உள்ள பஞ்சு அமுங்கி, பிள்ளை அந்த இடைவெளி வழியாகத்தான் நழுவும். மெல்லிய ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ் போட்டு, தோள் பக்கத்தில் பெல்ட்டை விரலால் மடித்துக் கிள்ள முடியாத அளவுக்கு இறுக்கிவிட்டு, அதற்கு மேல் நெஞ்சு வரைக்கும் கம்பளியைப் போர்த்துங்கள். லவ்டேல் தாண்டிக் கொஞ்சம் சூடு ஏறியதும் கம்பளியை மட்டும் எடுத்துவிட்டால் போதும், பெல்ட்டைத் தொட வேண்டியதே இல்லை.