கூண்டுக்குள் சொட்டும் தண்ணீர்: மலைவீட்டுக் கோழிகள் பற்றி வாசகர் கேள்விகள்

நீலகிரியில் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், ஒரு தேயிலைக் கிராமத்தில் 22 வருடமாக வீட்டுக்கோழி வளர்க்கிறேன். பிறந்தது பொள்ளாச்சி, வாழ வந்தது இங்கே. இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி பனியைப் பற்றித்தான்.

கேள்வி: அக்கா, எங்கள் வீடு தலைக்குந்தா பக்கம். ஒன்பது நாட்டுக்கோழி இருக்கிறது. உறைபனி விழத் தொடங்கியதும் கூண்டைச் சுற்றி இடுக்கு விடாமல் தார்ப்பாய் கட்டிவிட்டேன். அப்படியும் காலையில் கோழிகள் தும்முகின்றன. ஒரு பெட்டைக்குக் கொண்டை நுனி கறுத்துப் போயிருக்கிறது. இன்னும் எப்படி மூடுவது?

பதில்: இன்னும் மூட வேண்டாம் தம்பி, திறந்து விடுங்கள். நாளைக் காலை கதவைத் திறந்ததும் தார்ப்பாயின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள், நனைந்திருக்கும். ராத்திரி மழை பெய்யவில்லையே, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஒன்பது கோழியும் விட்ட மூச்சு, போட்ட எச்சம், எல்லாவற்றிலும் இருந்த ஈரம் ஆவியாக மேலே போய், குளிர்ந்த தார்ப்பாயில் பட்டுத் தண்ணீராகி, திரும்பக் கோழி மேலேயே சொட்டியிருக்கிறது.

நானும் இதே தப்பைச் செய்தேன். இங்கே வந்த முதல் மார்கழியில் சாக்கும் பிளாஸ்டிக்கும் போட்டுக் கூண்டை இறுக்கி மூடினேன். ஒரே வாரத்தில் ஐந்து கோழி போயிற்று. என் மாமியார் வந்து தார்ப்பாயின் மேல்பக்கத்தை அவிழ்த்து விட்டார். "குளிருக்குக் கோழி தாங்கும்மா, ஈரத்துக்குத் தாங்காது" என்றார். அன்று எனக்கு அது நம்பிக்கையாகப் படவில்லை. மிச்சமிருந்த ஏழும் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியபோதுதான் நம்பினேன்.

கோழியின் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ், நம்மைவிட நான்கு டிகிரி அதிகம். இறகைச் சிலிர்த்துக்கொண்டு அதற்குள் காற்றைப் பிடித்து வைத்துத்தான் அது அந்தச் சூட்டைக் காக்கிறது. இறகு நனைந்து ஒட்டிவிட்டால் காற்று தங்காது. பூஜ்யம் டிகிரியில் காய்ந்த இறகோடு நிம்மதியாகத் தூங்கும் கோழி, எட்டு டிகிரியில் நனைந்த இறகோடு நடுங்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். தரையிலிருந்து, கோழி உட்காரும் கட்டையில் அதன் தலை இருக்கும் உயரம் வரை காற்று புகாமல் அடையுங்கள். அதற்கு மேலே, கூரைக்குக் கீழே, எதிரெதிராக இரண்டு பக்கமும் ஒரு கை அகலத்துக்கு இடைவெளி விட்டு வெல்டு மெஷ் (பற்றவைத்த கெட்டிக் கம்பி வலை) அடியுங்கள். அரை அங்குலக் கண் உள்ளதாக வாங்குங்கள். சாதாரணக் கோழி வலையைக் கீரியும் மரநாயும் கிழித்துவிடும். இப்படிச் செய்தால் கோழி மேல் காற்று அடிக்காது, ஈர ஆவி மட்டும் மேலே வெளியேறும். உட்காரும் கட்டை இரும்புக் குழாயாக இருந்தால் எடுத்துவிடுங்கள், அது காலிலிருந்து சூட்டை உறிஞ்சும். இரண்டரை அங்குல அகல மர ரீப்பரைப் பட்டையாகப் போட்டால், கோழி விரலை நீட்டி அதன் மேல் வயிற்று இறகைப் போர்த்திக்கொள்ளும். தரையில் ஆறு அங்குலத்துக்கு உமியோ மரச்சீவலோ போட்டு, இரண்டு நாளைக்கு ஒரு முறை கிளறி விடுங்கள். காலையில் கட்டையின் உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் கோழியின் கண்ணும் நெஞ்சும் அதைவிட அதிகமாக எரியும், கூளத்தை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

கூண்டு பள்ளத்தில் இருந்தால் அடுத்த வருடமாவது மேட்டுக்கு மாற்றுங்கள். குளிர்ந்த காற்று தண்ணீர் போலத் தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும். தேயிலை முதலில் கருகுவதும் பள்ளத்துத் தோட்டத்தில்தானே.

அப்புறம் அந்தக் கொண்டை. ஈரமும் பனியும் சேர்ந்தால் நுனி இப்படிக் கறுக்கும். தேய்க்க வேண்டாம், வெட்டவும் வேண்டாம், காய்ந்து தானாக உதிரும். கறுப்புக்குப் பதில் மரு மாதிரிக் கொப்புளம் இருந்தால் அது அம்மை. முகம் வீங்கி, மூக்கில் நாற்றமடிக்கும் சளி வந்தால் அந்தக் கோழியைத் தனியாக வைத்துவிட்டு, தாமதிக்காமல் கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.

கேள்வி: ராத்திரி கூண்டுக்குள் கரிச்சட்டி வைக்கலாமா? எங்கள் ஊரில் சிலர் வைக்கிறார்கள். (குந்தா வாசகி)

பதில்: வைக்கவே கூடாது. அடைத்த இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. கோழி தூக்கத்திலேயே செத்துப்போகும். உங்கள் கூண்டு வீட்டுச் சுவரை ஒட்டி இருந்தால் பக்கத்து அறையில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து. மலையூர்களில் குளிருக்குக் கரி மூட்டி, கதவைச் சாத்திப் படுத்த மனிதர்களே இறந்திருக்கிறார்கள். வளர்ந்த கோழிக்கு இந்தக் குளிரில் நெருப்பு தேவையில்லை. தயவுசெய்து பக்கத்து வீடுகளிலும் சொல்லுங்கள்.

கேள்வி: கோவையிலிருந்து 25 ஒரு நாள் குஞ்சு வாங்கி வந்தேன். கீழே எல்லாரும் செய்வது போல மூன்றாவது வாரம் பல்பை எடுத்துவிட்டேன். ஆறு குஞ்சு ஒன்றன் மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்துவிட்டன. (கோத்தகிரி வாசகர்)

பதில்: படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. கீழே ராத்திரி இவ்வளவு குளிராது, அதனால் மூன்றாவது வாரம் பல்பை எடுத்தாலும் சமாளித்துவிடும். உங்கள் ஊரில் ராத்திரி எட்டு, பத்து டிகிரி. முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி வேண்டும். பிறகு வாரம் மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். உடம்பு முழுக்க இறகு மூட ஆறு வாரம் ஆகும், அதுவரை ராத்திரிச் சூட்டை எடுக்காதீர்கள். குண்டு பல்புதான் சூடு தரும், எல்.இ.டி. பல்பு வெளிச்சம் மட்டும்தான் தரும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குஞ்சையே பாருங்கள். பல்படியில் கும்பலாக நெருக்கினால் குளிர்கிறது, ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்தால் சூடு அதிகம், பரவிப் படுத்திருந்தால் சரி. கரண்ட் போனால் வெந்நீர் பாட்டில்களைச் சாக்கில் சுற்றி நடுவில் வையுங்கள்.

அடுத்த முறை பிப்ரவரி கடைசியில் வாங்குங்கள், ஜூன் மழைக்குள் இறகு மூடி வளர்ந்துவிடும். இன்னும் நல்லது அடைக்கோழி. 21 நாளில் குஞ்சு பொரித்து, கரண்டே இல்லாமல் சூடும் தரும்.

கேள்வி: டிசம்பரில் முட்டை நின்றுவிட்டது. கனடாவில் இருக்கும் என் அண்ணன், கூண்டில் விளக்குப் போடச் சொல்கிறார். (குன்னூர் வாசகி)

பதில்: அண்ணன் அவருடைய ஊருக்குச் சரியாகத்தான் சொல்கிறார். டொரண்டோவில் டிசம்பரில் பகல் ஒன்பது மணி நேரம்தான், முட்டைக்கோழிக்கோ 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். நமக்கு டிசம்பரிலும் பதினொன்றரை மணி நேரம் பகல் இருக்கிறது. நாட்டுக்கோழிக்கு விளக்குப் போட்டு வருத்த நான் விரும்புவதில்லை. நம் ஊரில் பெரும்பாலும் தீனிதான் காரணம். இறகு உதிர்ந்து புதிது முளைக்கும் சமயம் இது. இறகு புரதத்தால் ஆனது, அரிசிக் குருணை மட்டும் போட்டால் எங்கிருந்து முளைக்கும்? கருவாட்டுத் தூளோ கடலைப் புண்ணாக்கோ சேருங்கள். புண்ணாக்கை இரண்டு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள், நம் ஈரத்தில் பூஞ்சை பிடித்து விஷமாகிவிடும். சாயங்காலம் ஆளுக்கு ஒரு பிடி மக்காச்சோளம், காலையில் வெதுவெதுப்பான தண்ணீர். நம் மண் புளிப்பு மண், சுண்ணாம்புச் சத்து குறைவு, அதனால் கிளிஞ்சல் தூள் தனிக் கிண்ணத்தில் எப்போதும் இருக்கட்டும். மருந்தடித்த தோட்டத்து முட்டைக்கோஸ் இலை மட்டும் வேண்டாம்.

கேள்வி: குளிர் தாங்கும் வெளிநாட்டு இனம் ஏதாவது வாங்கலாமா? (கொடைக்கானல் வாசகர்)

பதில்: குளிர்நாட்டுக்காரர்கள் முதலில் பார்ப்பது கொண்டையைத்தான். கனடாவின் கியூபெக்கில், ஓக்கா மடத்துத் துறவி வில்ஃப்ரிட் சாட்டலென் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொண்டையும் தாடியும் இருப்பதே தெரியாத சாண்டெக்லேர் என்ற இனத்தை உருவாக்கினார். பனியில் கறுக்க அங்கே சதையே இல்லை. அவர் கலந்த இனங்களில் ஒன்று கார்னிஷ். அந்தக் கார்னிஷின் முன்னோர் யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து போன நம் சண்டைக்கோழி இனமான அசீல்! சின்னக் கொண்டை, இறுகிய உடம்பு. கொடைக்கானலுக்கு அதே சாயலுள்ள நம் பெருவிடை நாட்டுக்கோழி போதும், பெரிய கொண்டை தொங்கும் லெகார்னைத்தான் தவிர்க்கச் சொல்வேன். என் பெருவிடைப் பெட்டை மார்ச்சில் முட்டையிடத் தொடங்கும். வேண்டுமென்றால் இதழின் முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள், அடைக்கு ஒரு டஜன் எடுத்து வைக்கிறேன்.