ஒரே ஒரு தமிழ் அட்டை

கேள்வி: ஏற்காட்டில் ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். நாடுகளும் அந்தந்த நாட்டினரின் பெயர்களும் வரும் பாடம். கொடிப் படங்களை ஒட்டி, ‘ஐ ஆம் ஃப்ரம்’, ‘ஐ ஆம்’, ‘ஐ ஸ்பீக்’ என்று ஒவ்வொருவரையும் சொல்ல வைத்தேன். இந்த மலையைச் சேர்ந்த ஒரு பையன் ‘ஐ ஆம் மலையாளி’ என்றதும், ‘அப்போ நீ கேரளாவா?’ என்று கேலி. வீட்டில் நேபாளி பேசும் மாணவி வாயே திறக்கவில்லை. ஆண்டு விழாவுக்கு ‘உலக நாடுகள்’ மாறுவேடம் வேறு கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை, ஏற்காடு

பதில்: கொடிப் படத்தில் தவறில்லை. மூன்று வாக்கியங்களையும் ஒரே மூச்சில் சொல்ல வைத்ததுதான் சிக்கல். நாட்டைச் சொன்னால் குடியுரிமையும், அதைச் சொன்னால் மொழியும் தானாக வந்துவிடும் என்று அந்த வரிசையே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. ஜப்பானுக்கு அது பொருந்தும். இந்தியாவுக்குப் பொருந்தாது.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. நமக்குக் ‘காரர்’ ஒன்று போதும்: சேலத்துக்காரர், ஏற்காட்டுக்காரர், ஜப்பான்காரர். ஆங்கிலத்தில் சேலத்தைச் சொல்ல ‘ஃப்ரம் சேலம்’தான் வழி, நாடு என்றால் சொல்லின் வால் மாறும், அதுவும் நாட்டுக்கு நாடு வேறு வேறாக. ‘ஐ ஆம் ஃப்ரம் ஜாப்பனீஸ்’ என்று எழுதும் பிள்ளை தமிழ்ப் பழக்கத்தில்தான் எழுதுகிறது.

அடுத்த வகுப்பில் பத்து ரூபாய் நோட்டிலிருந்து தொடங்குங்கள். அதன் பின்பக்கப் பட்டியில் 15 மொழிகள். முன்பக்க இந்தியையும் ஆங்கிலத்தையும் சேர்த்தால் 17. பட்டியில் தமிழைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பிறகு உருதுவை. நேபாளியும் அதே பட்டியில் இருக்கிறது என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். 1992 முதல் அது அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழி. அந்த மாணவி இந்தியரா, நேபாள நாட்டவரா என்று வகுப்பில் கேட்கவே வேண்டாம். அவள் பேசும் மொழி எல்லார் சட்டைப்பையிலும் இருப்பது தெரிந்தாலே பாதி இறுக்கம் தளரும். மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் இலங்கைத் தமிழ்ப் பிள்ளை இருந்தாலும் இப்படித்தான்: தகவல் உங்கள் வாயிலிருந்து வரட்டும், பிள்ளையை மாதிரிப் பொருளாக எழுப்பி நிறுத்தாதீர்கள்.

பிறகு அட்டை விளையாட்டு. ஆறு பேருக்கு ஒரு குழு. குழுவுக்கு 24 அட்டைகள். பழைய கல்யாணப் பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தை மூன்றுக்கு இரண்டு அங்குலமாக வெட்டினால் போதும். மூன்று நிற ஓரம் போடுங்கள். நாடு எட்டு: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், பிரேசில், போர்ச்சுகல், நைஜீரியா, தாய்லாந்து, ஜப்பான். அந்நாட்டவர் பெயர் எட்டு. மொழியும் எட்டு: தமிழ், சிங்களம், மலாய், ஆங்கிலம், போர்ச்சுகீஸ், யொரூபா, தாய், ஜாப்பனீஸ். எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள்.

எண்ணிக்கை சமமாக இருப்பதால் ஒன்றுக்கு ஒன்று பொருந்தும் என்று நம்பித்தான் பிள்ளைகள் தொடங்குவார்கள். கொஞ்ச நேரத்தில் தமிழ் அட்டைக்குச் சண்டை வரும். இந்தியாவுக்கு என்பான் ஒருவன். இலங்கையிலும் அது ஆட்சிமொழி. சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. அந்நாட்டு நாணயத்திலேயே தமிழில் ‘சிங்கப்பூர்’ என்று இருக்கும். போர்ச்சுகீஸ் அட்டையைப் போர்ச்சுகலுக்கு வைத்தால் பிரேசில் காலியாக நிற்கும். இரண்டாவது தமிழ் அட்டை கேட்பார்கள், கொடுத்துவிடாதீர்கள். நூல்கண்டைக் கொடுத்து, அந்த ஒரே அட்டையிலிருந்து மூன்று நாடுகளுக்கும் நூல் இழுக்கச் சொல்லுங்கள். 40 நிமிட வகுப்பில் இதற்கு 15 நிமிடம் தாராளமாக விடலாம்.

மலையாளிப் பையனின் விஷயத்தை அந்த நூலை வைத்தே பேசலாம். சேர்வராயன் மலை மலையாளிகள் பேசுவது தமிழ். மலையில் வாழ்கிறவர் என்ற பொருளில் வந்த பெயர். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களின் மரபுக் கதை. கேரளத்து மலையாளி பேசுவது மலையாளம். பெயர் ஒன்று, மக்கள் இரண்டு. பெயரை வைத்து மொழியைக் கணிக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எந்தப் பாடநூலிலும் கிடைக்காது.

வால்களை ஒரே நாளில் கொட்டாதீர்கள். முதல் வாரம் ‘அன்’, ‘இயன்’, ‘ஈஸ்’. அடுத்த வாரம் ‘இஷ்’ (பிரிட்டிஷ், டர்கிஷ்), ‘ஈ’ (நேபாளி, பாகிஸ்தானி). ஃப்ரெஞ்ச், டச், கிரீக், ஸ்விஸ் போன்ற அடங்காதவை கடைசியில். உச்சரிப்பில் இரண்டு இடம் கவனம். ‘ஈஸ்’ சேர்ந்தால் அழுத்தம் அந்த வாலுக்குப் போகும். சைனா என்னும்போது முதலில் அழுத்துகிற பிள்ளை சைனீஸில் கடைசியில் அழுத்த வேண்டும். ‘தாய்’ என்று நாம் எழுதுவதை ஆங்கிலத்தில், கழுத்தில் கட்டும் டை போலத்தான் சொல்வார்கள். (இட்டலி என்ற நாட்டுக்கு வகுப்பு சிரிக்கும். சிரிக்க விடுங்கள்.)

எழுத்தில், நாட்டவர் பெயரின் முதலெழுத்தைச் சிறிய எழுத்தாகப் போடுவார்கள்; தமிழில் பெரிய எழுத்து என்ற ஒன்றே இல்லாததால் கண் அதைத் தேடுவதில்லை. ‘எ’ சேர்ப்பது அடுத்த தொல்லை. ‘ஆன் இந்தியன்’ சரி, ‘எ ஃப்ரெஞ்ச்’ தவறு. ஐந்தாம் வகுப்பில் இந்த வேறுபாடு வேண்டாம். ‘ஷி இஸ் இந்தியன்’, ‘ஷி இஸ் ஃப்ரெஞ்ச்’ என்று எதுவும் சேர்க்காமல் பழக்கினால் எங்கும் பிழை வராது. ‘வாட் இஸ் யுவர் நேஷனாலிட்டி?’ விண்ணப்பப் படிவத்துக்கும் விமான நிலையத்துக்கும் உரியது. பேச்சில் ‘வேர் ஆர் யு ஃப்ரம்?’ போதும்.

மாறுவேடம் வேண்டாம். காகிதக் கிமோனோவும் முகத்தில் கரியும் மேடையில் நின்றால், ஜப்பானில் எல்லாரும் தினமும் கிமோனோ உடுத்துகிறார்கள் என்றும், 54 நாடுகள் உள்ள ஆப்பிரிக்கா ஒரே நாடு என்றும்தான் மனதில் பதியும். பதிலுக்குக் குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, மேடையேற்றுங்கள். சேலத்துப் பிள்ளைக்கு மரவள்ளியும் ஜவ்வரிசி ஆலையும் புதிதல்ல. ஆனால் கிழங்கின் பூர்வீகம் தென் அமெரிக்கா. ‘டாப்பியோக்கா’ என்ற சொல்லே பிரேசிலின் துப்பி மொழியிலிருந்து போர்ச்சுகீஸ் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. நான்கு பிள்ளைகள், நான்கு தட்டு. பிரேசில் பிள்ளை ஈர மாவைச் சூடான கல்லில் தூவித் தோசை போலச் சுடுவதைச் சொல்லட்டும். நைஜீரியப் பிள்ளை, கிழங்கைத் துருவிப் புளிக்கவைத்துப் பிழிந்து வறுக்கும் ‘காரி’யைச் சொல்லட்டும். கேரளத்துக் கப்பையும் மீன்குழம்பும் ஒன்று. நம்மூர் ஜவ்வரிசி வடாம் ஒன்று. கேரளமும் சேலமும் இரண்டு தட்டு, இரண்டுக்கும் ‘இந்தியன்’ என்றே வரும்.

வசனத்தில் ‘மெனி பீப்பிள்’, ‘சம் ஃபேமிலீஸ்’, ‘யூஷுவலி’ கட்டாயம் இருக்கட்டும். ஏன் என்று கேட்டால், ‘ஆல் இந்தியன்ஸ் ரைட் எலிஃபன்ட்ஸ்’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டுச் சும்மா நில்லுங்கள். சத்தம் அடங்கியதும், அதை அவர்களையே திருத்தி எழுதச் சொல்லுங்கள்.